மின்சாரம் திரும்பி வரும் வழி

செய்தி வந்தபோது காலை பத்தேகால் மணி. திருச்செங்கோட்டில், போர்வெல் போடும் ரிக் லாரிகளுக்கு உதிரிபாகம் விற்கும் கடையின் மேல்மாடியில் இருக்கும் சிறிய பட்டறையில், இர்பானா அப்போதுதான் சால்டரிங் அயர்னைச் சூடேற்றியிருந்தாள். மேசைமேல் போன் அதிர்ந்தது. மணியன். தோழியின் கணவர் தனக்குப் போன் செய்வதே அபூர்வம் என்பதால், எடுப்பதற்கு முன்பே அவளுக்கு விஷயம் பாதி விளங்கிவிட்டது.

"அம்மிணி, மலரு போயிட்டா."

எல்லாம் இரண்டே நாளில் நடந்தது. தலைவலி என்று உட்கார்ந்த மலர்விழியை சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்றார்கள். முந்தின நாள் மாலை இர்பானா போய்ப் பார்த்தபோது அவள் கண் திறக்கவில்லை.

இர்பானா அயர்னை அணைத்தாள். அறைக்குள் இன்னொன்று அணையாமல் இருந்தது. மலர்விழியின் கம்ப்யூட்டர். தலைவலியோடு எழுந்து போனவள் அதை நிறுத்தவில்லை, பிறகு யாருக்கும் அதைத் தொடத் தோன்றவுமில்லை. மவுஸை அசைத்ததும் திரை விழித்துக்கொண்டது. ஒரு சர்க்யூட் போர்டின் வரைபடம். சிப்புகளின் இடம், செம்புக் கோடுகள் ஓடும் பாதை, துளைகள் எல்லாம் பொருந்தி உட்கார்ந்திருந்தன. வலது ஓரத்தில் மட்டும் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே முடி போல மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று தெரிந்தது. இந்த இரண்டையும் இணைக்க வேண்டும், இன்னும் வழி போடவில்லை என்று மென்பொருள் நினைவூட்டும் கோடு அது.

அந்த போர்டு ஆவணி பிறப்பதற்குள் புதுச்சத்திரத்தில் அவர்களுடைய வாடிக்கையாளர் தங்கமுத்துவின் முட்டை பொரிக்கும் ஹேச்சரிக்குப் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் அவர் வெளிநாட்டு கன்ட்ரோலர் பெட்டி ஒன்றை வாங்கி மாட்டிவிடுவார். வாங்கப்போவதாக முன்பே சொல்லியிருந்தார். அப்புறம் மலர்விழி பல மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்தது அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே கிடக்கும்.

மலர்விழி மோகனூர்க்காரி. வீட்டுக்குப் பின்னால் நடந்தால் காவிரி. அக்கரையில் வாங்கல் கண்ணுக்கு எதிரே தெரியும். அவள் சின்னப் பிள்ளையாக இருந்த நாளில் நடுவே பாலம் கிடையாது. ஆள் பரிசலில் போய்விடலாம், லாரி போக முடியாது. அப்பா லாரி ஓட்டினார். அக்கரையில் ஒரு லோடு இறக்க வேண்டுமென்றால் ஆற்றோரமாக மேலே தள்ளி இருக்கும் வேலூர்ப் பாலத்துக்குப் போய்ச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். இக்கரையில் நின்று பார்த்தால் அக்கரையில் அப்பாவின் லாரி தெரியும், ஆனால் அவர் வீடு வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிடும் என்று இர்பானாவிடம் சொல்லிச் சிரிப்பாள்.

அம்மாவைப் பற்றியும் ஒன்று சொல்வாள். அப்பா வெளி மாநிலத்துக்குப் போயிருக்கும்போது போனில் எல்லாரும் எங்கே இருக்கிறீர்கள், சரக்கு இறக்கியாச்சா என்று கேட்பார்கள். அம்மா மட்டும், "எந்த வழியா திரும்பறீங்க?" என்று கேட்பாளாம். லாரி போவதைப் பற்றி அவளுக்குக் கவலையே கிடையாது. திரும்பும்போதுதான் தூக்கம் வரும், தெரியாத ரோட்டில் வண்டியை விடுவார்கள், ரிட்டன் லோடு கிடைக்கவில்லையென்று நாள் கணக்கில் எங்காவது கிடப்பார்கள். கஷ்டமெல்லாம் திரும்பி வருவதில்தான்.

இருவரும் திருச்செங்கோட்டு இன்ஜினியரிங் காலேஜில் ஒரே பெஞ்ச். இர்பானா சேலத்திலிருந்து பஸ்ஸில் வந்து போவாள். படித்து முடித்து ஆளுக்கொரு கம்பெனியில் கொஞ்சகாலம் வேலை பார்த்துவிட்டு, கல்யாணமெல்லாம் ஆனபிறகு, இந்த மாடியறையை வாடகைக்குப் பிடித்தார்கள். கோழிப்பண்ணைகளுக்கு விசிறி கன்ட்ரோலர், தண்ணீர்த் தொட்டிக்கு சென்சார், அப்படிச் சின்னச் சின்ன வேலைகள். போர்டை வரைவது மலர்விழி. பாகங்களைப் பொருத்தி, சோதித்து, வாடிக்கையாளரிடம் வாய் கொடுப்பது இர்பானா.

"நீ வரையற, நான் வசவு வாங்கறேன். நல்ல பங்கு பிரிச்சிருக்கடி" என்பாள் இர்பானா.

மலர்விழி வரைந்த போர்டைக் கையில் வாங்கியவர்கள் ஒரு நிமிஷம் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். அவ்வளவு சுத்தமாக இருக்கும். ஒரு பாகத்தின் மின்சாரம் இன்னொரு பாகத்தைக் கலைக்கும் இரைச்சல் விஷயத்தில் அவள் காலேஜில் கற்ற பாடத்தைக் கைவிட்டதே இல்லை. மோட்டார், ரிலே, சுவிட்ச் போன்ற முரட்டு ஆட்களின் கிரவுண்டு, அதாவது அடியில் விரித்த செம்புத் தரை, ஒருபக்கம். சென்சார் போன்ற மென்மையான ஆட்களின் கிரவுண்டு மறுபக்கம். நடுவே செம்பே இல்லாத ஒரு பிளவு. இரண்டு கிரவுண்டும் போர்டின் ஒரு மூலையில், கரன்ட் உள்ளே நுழையுமிடத்தில் மட்டும் சேரும். அந்தப் பிளவுக்கு இருவரும் வைத்திருந்த பெயர் காவிரி. "காவிரிக்கு இந்தப் பக்கம் ஒரு ரெசிஸ்டர் வை" என்று பேசிக்கொள்வார்கள்.

தங்கமுத்துவின் ஹேச்சரிக்குப் போன போர்டிலும் காவிரி இருந்தது. அங்கேதான் தொல்லை ஆரம்பித்தது.

முட்டைகளை அடைவைக்கும் அறையில் சூடு பாரன்ஹீட் கணக்கில் தொண்ணூற்றொன்பதரை டிகிரியில் நிற்க வேண்டும். அதைப் பார்த்து ஹீட்டரையும் விசிறியையும் காற்று ஜன்னலையும் இயக்குவதுதான் இவர்களுடைய பெட்டியின் வேலை. மாதக்கணக்கில் ஒழுங்காகத்தான் ஓடியது. ஒருநாள் தங்கமுத்துவே போன் செய்தார். அவர் கோபத்தைக் கிண்டலாகத்தான் காட்டுவார்.

"ஏனுங்க அம்மிணி, உங்க பொட்டி எனக்கு ஜோசியம் சொல்லுதுங்க. உள்ள கை வெச்சா சூடு சரியாத்தான் இருக்குது. பொட்டி என்னடான்னா நூத்திநாலுங்குது. அடுத்த நிமிசம் ஒண்ணுமே தெரியாத மாதிரி தொண்ணூத்தொம்பதரைங்குது."

"எப்பெப்ப அப்படிக் காட்டுதுங்கண்ணா?" என்று கேட்டாள் இர்பானா.

"அதுக்கு நேரங்காலமே இல்லீங்க. அதுக்குத் தோணினாக் காட்டுது."

காட்டுவதோடு நின்றால் பரவாயில்லை. நூற்றிநான்கு என்று நினைத்துக்கொண்டு பெட்டி ஹீட்டரை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து, அறையைக் குளிர வைத்தது. முட்டைக்குள் இருக்கும் குஞ்சுக்கு அது ஆகாது. அந்தத் தடவை பொரிக்காமல் நின்ற முட்டைகளைத் தட்டுத்தட்டாக வெளியே எடுத்து வைத்ததை மலர்விழி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அன்றைக்கு அவள் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

பட்டறையில் வைத்துப் பார்த்தால் பெட்டி தங்கமாக ஓடியது. இர்பானா சென்சாரை மாற்றினாள். இரைச்சலைத் தடுக்கும் உறைபோட்ட ஒயரைப் போட்டாள். கப்பாசிட்டரைக் கூட்டிக்கூட்டிப் பற்றவைத்தாள். ஒவ்வொன்றுக்கும் தொல்லை கொஞ்சம் குறைந்தது, ஒழியவில்லை. பக்கத்துத் தோட்டத்து போர்வெல் மோட்டாரைச் சந்தேகப்பட்டார்கள். ஜெனரேட்டரைச் சந்தேகப்பட்டார்கள். செல்போன் டவரைக்கூட விட்டுவைக்கவில்லை.

"நேரமே இல்லாம ஒரு கோளாறு வராது. நேரம் நமக்குத் தெரியல, அவ்வளவுதான். நான் போய் உட்கார்ந்துக்கறேன்" என்றாள் மலர்விழி.

உட்கார்ந்தாள். இர்பானாவும் கூடப் போனாள். ஹேச்சரி அறைக்கு வெளியே, கண்ணாடி வழியாகப் பெட்டியின் எண் தெரியும்படி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. காலை முழுக்க எண் அசையவில்லை. முட்டைகளை ஒருபக்கமாகவே வைத்திருக்கக் கூடாது என்பதால் மணிக்கொருதரம் ஒரு மோட்டார் தட்டுகளைத் தானாகச் சாய்க்கும். அப்போதும் எண் கொஞ்சம் நடுங்கியதே தவிர எகிறவில்லை.

மதியம் சென்னிமலை என்பவர் உள்ளே போனார். அந்த ஹேச்சரியில் முட்டை ஏற்றி இறக்கும் வேலை அவருடையது. செருப்பைக் கழற்றிவிட்டு, கதவருகே நின்று ஒரு கும்பிடு போட்டார். பிறகு தட்டு மோட்டாரின் பச்சைப் பட்டனை அழுத்தினார். தட்டுகள் கிறீச்சென்று சாயத் தொடங்கின. சாய்ந்து முடிவதற்குள் சிவப்பை அழுத்தினார். பெட்டி நூற்றிநான்கு என்றது.

மலர்விழி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். அவர் வெளியே வரும்வரை காத்திருந்து மெதுவாகக் கேட்டாள்.

"ஏனுங்க, மெசினே தானாத் திருப்பிக்குதுங்களே. நீங்க எதுக்குத் திருப்பறீங்க?"

"அது திருப்பறது அதோட கணக்கு சாமி. நாம உள்ள போனா ஒருக்காத் திருப்பிவிட்டுட்டு வரோணும். அடை உக்காந்த கோழி, வெளிய போயி வந்துச்சுன்னா மொதல்ல மூக்குல முட்டையத் தள்ளிப் பாக்காதுங்களா?"

"எப்பவுமே இப்படித்தானுங்களா?"

"தட்டுத் திருப்பற இந்தப் புது மெசினு உங்க பொட்டிக்கு அப்பறம் வந்துச்சுங்களே, அன்னைக்கிருந்தே. மொதலாளிக்குத் தெரியாது. சொல்லிப்போடாதீங்க சாமி."

"பாதியிலயே ஏனுங்க நிறுத்தறீங்க?"

"தொட்டுக் காட்டினாப் போதுமில்லீங்களா?"

திரும்பி வரும்போது பஸ்ஸில் மலர்விழிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கோளாறு நேரங்காலம் இல்லாமல் வந்ததற்குக் காரணம் ஒரு மனிதரின் பாசம். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரைச் சுமையோடு பாதியில் நிறுத்தும்போதுதான் சுவிட்சில் பெரிய பொறி பறக்கிறது. பட்டறையில் மோட்டாருக்குப் பதில் குண்டு பல்பைத்தான் மாட்டிச் சோதித்தார்கள். பல்பு பொறி பறக்க விடாது.

"அவர்கிட்ட பட்டனைத் தொடாதீங்கன்னு சொல்லிட்டா முடிஞ்சுது" என்றாள் இர்பானா.

"முடியாது. அவர் கை வைக்கற நேரத்துல நம்ம பெட்டி பொய் சொல்லுதுன்னா, பொய் நம்மகிட்ட இருக்குன்னு அர்த்தம். அது எங்கிருக்குன்னு பார்க்க வேண்டாமா?"

பார்க்க அவள் எடுத்துக்கொண்ட கருவி ஒரு பழைய பாக்கெட் ரேடியோ. சேலம் கடைவீதியில் இர்பானாவின் அண்ணன் கடையில் தூசியடைந்து கிடந்தது. ஸ்டேஷன் எதுவும் பிடிக்காத இடத்தில் முள்ளை நிறுத்தினால் அது உஸ்ஸென்று கிடக்கும். பக்கத்தில் எங்காவது மின் இரைச்சல் இருந்தால் கர்ரென்று குரல் கொடுக்கும். அடுத்த தடவை ஹேச்சரிக்கு அதைக் கொண்டுபோய், சென்னிமலையைப் பட்டன் அழுத்தச் சொல்லி, திறந்த பெட்டியின் மேல் அங்குலம் அங்குலமாக நகர்த்தினாள். சுவிட்சின் பக்கத்தில் கத்தும் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள். கத்தியது. ஆனால் போர்டின் மேல் வந்தபோது இன்னும் பலமாகக் கத்தியது. அதிலும் ஓரிடத்தில், காவிரிக்கு நேர் மேலே.

"மறுபடி அழுத்துங்க" என்றாள். மறுபடி அழுத்தினார். அதே இடம்.

"மறுபடி."

"எத்தன தடவ சாமி. முட்டைக்குத் தலை சுத்திப்போகும்."

அன்று பட்டறைக்கு வந்ததும் அவள் ஒரு வெள்ளைத்தாளை எடுத்தாள். அதில் ஒரு கோடு போட்டாள். சென்சாரிலிருந்து சிப்புக்குப் போகும் கோடு. அது காவிரியைத் தாண்டிப் போகிறது.

"இந்தக் கோட்டுல போற கரன்ட் எந்த வழியா திரும்புது?" என்று கேட்டாள்.

"கிரவுண்டு வழியா."

"எந்தக் கிரவுண்டு வழியா?"

இர்பானா தாளைப் பார்த்தாள். போகும் மின்சாரம் திரும்பி வந்தே ஆகவேண்டும். அதிலும் சட்டென்று மாறும் மின்சாரம், தான் போன கோட்டுக்கு நேர் கீழே இருக்கும் செம்பிலேயே ஒட்டிக்கொண்டு திரும்பப் பார்க்கும். அப்படி வந்தால் போவதும் வருவதும் அடுத்தடுத்து இருந்து ஒன்றையொன்று தணித்துவிடும், வெளியே சத்தம் வராது. இந்த போர்டில் கோட்டுக்குக் கீழே செம்பு இல்லை, பிளவு இருக்கிறது. திரும்புகிற மின்சாரம் போர்டின் மூலைவரை போய், இரண்டு கிரவுண்டும் சேருமிடத்தைத் தாண்டி, மறுகரையோரமாகத் திரும்பி வந்தது. போன வழிக்கும் வந்த வழிக்கும் நடுவே ஒரு பெரிய வளையம் விழுந்தது. அந்த வளையம் சுவிட்சின் பொறியை ஆண்டெனா போலப் பிடித்து, சென்சார் சொன்னதாகச் சிப்பிடம் கொடுத்துக்கொண்டிருந்தது.

"வேலூர்ப் பாலம் சுத்திட்டு வருதுடி" என்றாள் மலர்விழி.

ஒரு துண்டு தடித்த செம்புக்கம்பியை வெட்டி, சென்சார் கோடு தாண்டும் இடத்திலேயே பிளவின் இரு கரையையும் இணைத்துப் பற்றவைத்தாள். இர்பானா புதுச்சத்திரம் போய் அந்த போர்டை மாட்டினாள். சென்னிமலை அழுத்தினார். எண் தொண்ணூற்றொன்பதரையிலிருந்து ஒரு துளி அசைந்து, திரும்பி நின்றது.

"அப்ப இத்தனை வருஷமா நீயே பிரிச்சு வெச்சு, நீயே தொல்லைப்பட்டிருக்க. பரிசல்காரனுக்கு மட்டும்தான் லாபம்" என்று அன்று மாலை இர்பானா கிண்டல் செய்தாள்.

மலர்விழி ரோஷப்படவில்லை. அவளுக்கு ஆச்சரியம்தான் பெரிதாக இருந்தது. பிரித்தால் சுத்தமாக இருக்கும் என்று எவ்வளவு நிச்சயமாக நம்பினோம் என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். காலேஜில் சொன்னது தப்பா, தான் புரிந்துகொண்டது தப்பா என்று பழைய பாடப்புத்தகத்தைத் தேடிப் பார்த்தாள். பிளவைத் தாண்டிக் கோடு போகக்கூடாது என்று அதிலேயே ஒரு வரி இருந்தது. "படிச்சிருக்கேன்டி. அடிக்கோடுகூட போட்டிருக்கேன்" என்றாள்.

தங்கமுத்துவுக்குக் கம்பி ஒட்டுப்போட்ட போர்டு பிடிக்கவில்லை. அடுத்திருக்கும் பெரிய அறைக்கு ஆவணி பிறப்பதற்குள் முட்டை ஏற்றப்போகிறேன், அதற்குள் ஒழுங்கான போர்டு வந்தால் உங்களுடையதை மாட்டுகிறேன், வராவிட்டால் வெளிநாட்டுப் பெட்டிதான் என்று சொல்லிவிட்டார். மலர்விழி முதலிலிருந்து வரைந்தாள். கீழே முழுப் போர்டுக்கும் பிளவில்லாத ஒரே செம்புத் தரை. முரட்டு ஆட்களை நுழைவாயிலுக்குப் பக்கத்தில் ஒரு மூலையில் குடிவைத்தாள், மென்மையானவர்களை எதிர் மூலையில். தரை ஒன்றாக இருந்தாலும் அவரவர் மின்சாரம் அவரவர் கோட்டுக்குக் கீழேயே திரும்பிவிடும். சிப்பின் காலை ஒட்டி, இடைவெளியே இல்லாமல் ஒரு கப்பாசிட்டர். சுவிட்சின் பொறியை அங்கேயே தணிக்க இன்னொரு சிறிய ஏற்பாடு. ஒவ்வொரு கோட்டையும் போட்டுவிட்டு விரலால் கீழே தடவிக்காட்டி, இது எந்த வழியாத் திரும்புது சொல்லு என்று இர்பானாவைக் கேட்பாள். சரியாகச் சொன்னால்தான் அடுத்த கோடு.

வரைந்து முடிக்கும் சமயத்தில் தங்கமுத்து ஒரு ஆசையைச் சொன்னார். சூடு தவறினால் அலற வெளியே சைரன் ஏற்கெனவே இருக்கிறது. உள்ளே வேலை செய்பவருக்குக் கேட்கும்படி போர்டிலேயே சின்னதாகக் கீச்சென்று கத்தும் பஸ்ஸர் ஒன்று இருந்தால் தேவலை. மலர்விழி அதற்கு இடம் ஒதுக்கினாள். ஆனால் அதற்குப் போகும் கோட்டுக்கு இரண்டு வழி இருந்தது. குறுக்கே போனால் சென்சாரின் குடியிருப்பைத் தாண்ட வேண்டும். ஓரமாகச் சுற்றிப் போனால் தூரம்.

"ரேடியோவை வெச்சுக் கேட்டுட்டு முடிவு பண்றேன். நாளைக்குப் பார்க்கலாம், தலை வலிக்குது" என்று எழுந்தாள்.

மோகனூரில் மலர்விழியின் இறுதிச் சடங்கெல்லாம் முடிந்தது. தங்கமுத்துவும் சென்னிமலையும் வந்திருந்தார்கள். சென்னிமலை துண்டை வாயில் பொத்திக்கொண்டு ஓரமாக நின்றார். புறப்படும்போது தங்கமுத்து இர்பானாவின் அருகே வந்து, "போர்டப் பத்தி நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க அம்மிணி. நான் வேற ஏற்பாடு பண்ணிக்கறேன்" என்றார்.

அவர் நல்லபடியாகத்தான் சொன்னார். ஆனால் இர்பானா ஒத்துக்கொள்ளவில்லை. "ஏற்பாடு பண்ணாதீங்கண்ணா. கொண்டு வரேன்" என்றாள்.

மறுநாள் காலை மலர்விழியின் நாற்காலியில் உட்காராமல் தன் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். அவள் போர்டு வரைபவள் இல்லை. தப்பு இருந்தால் கண்டுபிடிக்கத் தனக்குத் தெரியுமா என்ற பயம் இருந்தது. தெரிந்தது ஒன்றுதான். முதல் கோட்டில் விரலை வைத்து, இது எந்த வழியாகத் திரும்புகிறது என்று தன்னையே கேட்டாள். பதில் சொல்லிவிட்டு அடுத்த கோட்டுக்குப் போனாள். மதியத்துக்குள் எல்லாவற்றையும் கேட்டு முடித்தாள். பதில் தெரியாத கோடு ஒன்றுகூட இல்லை.

பஸ்ஸரின் கோட்டை ஓரமாக இழுத்துவிட்டிருக்கலாம், ஒரு நிமிஷ வேலை. அவள் இழுக்கவில்லை. கோவையில் போர்டு அடித்துக்கொடுப்பவருக்குக் வரைபடக் கோப்பைத் தயார்செய்யும்போது, ஓர் இணைப்பு மீதமிருக்கிறது, தொடரலாமா என்று மென்பொருள் கேட்டது. தொடரலாம் என்று அழுத்தினாள்.

ஆடி கடைசியில் பெரிய அறையில் பெட்டி ஏறியது. இர்பானா பாக்கெட் ரேடியோவைப் போர்டின் மேல் பிடித்துக்கொண்டு தலையசைத்தாள். சென்னிமலை கும்பிட்டுவிட்டுப் பச்சையை அழுத்தி, பாதியில் சிவப்பை அழுத்தினார். ரேடியோ சுவிட்சுக்குப் பக்கத்தில் கத்தியது, போர்டின் மேல் உஸ்ஸென்றே கிடந்தது. எண் தொண்ணூற்றொன்பதரையை விட்டு அசையவில்லை. தங்கமுத்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒருமுறை பார்த்தார். பிறகு வெளியே போய், முட்டை வண்டியை உள்ளே விடச் சொன்னார்.

சென்னிமலை மட்டும் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கீச்சுங்கற சாமானம் வெக்கலீங்களா சாமி?"

"அது மலர் பார்க்கறேன்னு சொல்லியிருந்தா" என்றாள் இர்பானா.

பஸ்ஸருக்கென்று விட்ட இரண்டு துளைகளும் காலியாகவே இருக்கின்றன. அதற்குப் போகவேண்டிய கோட்டுக்கு இன்னும் வழி போடவில்லை.